மறுமொழியின் வரலாறு: குழந்தையின் வெளிப்பாட்டு மொழியும் காஞ்சி நெசவு வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை தன் எண்ணத்தைத் தானே சொல்லாக்கும் திறன் வெளிப்பாட்டு மொழி எனப்படும். இத்திறன் வளரப் பெரியவரின் மறுமொழி இன்றியமையாதது என்பதைத் தமிழ் இலக்கிய மரபு நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தது. எனினும், கல்வி நிறுவன வடிவம் பெற்றபோது ஒப்பித்தலுக்கே இடம் கிடைத்தது. மறுமொழி தரும் பணி வீட்டுப் பெண்களின் கணக்கில் வராத நேரத்திடம் விடப்பட்டது. காஞ்சிபுரம் போன்ற நெசவு நகரில் வீடே தொழிற்கூடமானபோது அந்நேரமும் சுருங்கியது. செவிலிமேட்டை உள்ளடக்கிய காஞ்சி வட்டாரத்தை முன்வைத்து இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வெளிப்பாட்டு மொழி, மழலை, செவிலி, பிள்ளைத்தமிழ், திண்ணைப் பள்ளி, கோர்வை நெசவு, அங்கன்வாடி

1. முன்னுரை

குழந்தையின் மொழி வளர்ச்சியை ஏற்பு மொழி, வெளிப்பாட்டு மொழி என இரண்டாகப் பகுப்பது மொழி வளர்ச்சி ஆய்வாளர் வழக்கம். பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது ஏற்பு மொழி. தன் தேவை, உணர்வு, எண்ணம் ஆகியவற்றைத் தன் சொல்லால் பிறர்க்கு உணர்த்துவது வெளிப்பாட்டு மொழி. கேட்டதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் குழந்தை வெளிப்பாட்டு மொழியில் தேர்ந்தது என்று கொள்ள இயலாது. ஒப்பித்தல் நினைவின் வெற்றி, வெளிப்பாடு எண்ணத்தின் வெற்றி. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை நோக்கினால், எழுத்தறிவு, எண்ணறிவு, ஒழுக்கம் ஆகியவற்றைப் பற்றி விரிவான ஆய்வுகள் கிடைக்கின்றன. குழந்தை பேசுவதற்கு எவர், எங்கு, எவ்வளவு இடமளித்தனர் என்ற வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்குக் காஞ்சிபுரம் பொருத்தமான களம். கல்விக்கும் கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற நகரம் அது. அதன் தென்விளிம்பில் பாலாற்றை ஒட்டி அமைந்தது செவிலிமேடு. இராமாநுசர் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் சாலைக்கிணறு இவ்வூரை அடுத்துள்ளது. முன்னர்ப் பேரூராட்சியாக இருந்து, பின்னர்க் காஞ்சிபுரம் நகராட்சியுடன் இணைக்கப்பட்ட இப்பகுதி, 2021இல் உருவான காஞ்சிபுரம் மாநகராட்சிக்கு உட்பட்டது. ஊர்ப்பெயரில் ஒலிக்கும் ‘செவிலி’ என்னும் சொல் அகமரபில் வளர்ப்புத் தாயைக் குறிப்பது. பெற்றவளினும் மிகுதியான நேரத்தைக் குழந்தையோடு கழிப்பவளாக அவளை அகப்பாடல்கள் காட்டுகின்றன. குழந்தையின் மொழி வரலாறு பெரும்பகுதியும் செவிலியின் நேரத்தின் வரலாறு என்பதே இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்து.

2. மழலையும் கேட்பவரும்

புறநானூற்றின் 92ஆம் பாடலில் ஔவையார், அதியமான் தம் சொற்களை ஏற்றுக்கொள்ளும் தன்மையை விளக்க மழலையை உவமையாக்குகிறார். மழலை யாழிசையோடு ஒத்துப்போவதில்லை, காலத்தோடு பொருந்துவதில்லை, அதன் பொருளும் அறிய இயலாதது, ஆயினும் தந்தையர்க்கு அது அருளை வரவழைக்கிறது என்பது அப்பாடலின் கருத்து. இங்குக் கருதத்தக்கது மழலையின் இனிமையன்று. இசை, காலம், பொருள் என்னும் மூன்று அளவுகோல்களிலும் மழலை குறையுடையது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பின்னர், கேட்பவரின் ஏற்பினால் மட்டுமே அது பேச்சாகிறது என்று பாடல் நிறுவுகிறது. பேச்சின் நிறைவு பேசும் குழந்தையிடம் மட்டும் இல்லை, கேட்கும் பெரியவரிடமும் உள்ளது என்ற உணர்வு இதில் தெளிவு.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் (7) இக்கருத்திற்கு அணுக்கமானது. குழலையும் யாழையும் இனியவை என்று மதிப்பவரைத் தம் மக்களின் மழலையைக் கேளாதவர் என்று 66ஆம் குறள் அடையாளப்படுத்துகிறது. இங்கும் வினை கேட்டலே. குழந்தையைப் பேசப் பயிற்றுக என்று குறள் பணிக்கவில்லை. கேளாதவரின் இழப்பையே சுட்டுகிறது.

வாய்மொழி மரபில் இவ்வுணர்வு விளையாட்டாக வடிவம் பெற்றது. தொல்காப்பியம் செய்யுளியலில் குறிப்பிடும் பிசி, இன்றைய விடுகதையின் முன்னோடி. சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் இடம்பெறும் அம்மானை, ஒருத்தி கூற, மற்றொருத்தி வினவ, வேறொருத்தி விடைதரும் அமைப்புடையது. இவ்விரு வடிவங்களிலும் ஒருவர் சொல் மற்றொருவர் சொல்லை வேண்டி நிற்கிறது. ஒருவரே முழுவதும் சொல்லி முடிக்க இயலாத இவ்வமைப்பு, முறைமாற்றிப் பேசும் பயிற்சியாகவும் அமைந்தது.

3. பிள்ளைத்தமிழில் செவிலியின் குரல்

பெரியாழ்வார் திருமொழியில் தாயின் குரலாக முகிழ்த்து, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் தனி இலக்கிய வகையாக நிலைபெற்றது பிள்ளைத்தமிழ். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை இதன் பருவங்களுக்குப் பன்னிரு பாட்டியல் கால எல்லை வகுக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் நோக்கிய மரபு இது.

இரண்டாம் பருவமாகிய செங்கீரைக்கு இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலை என்பது ஒன்று. ‘கீர்’ என்பதற்குச் சொல் என்று பொருள்கொண்டு, குழந்தை மழலை பேசத் தொடங்கும் நிலை என்பது மற்றொன்று. அம்புலிப் பருவமும் மொழி நோக்கில் குறிப்பிடத்தக்கது. நிலவைக் குழந்தையுடன் விளையாட வருமாறு சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளில் அழைப்பது இப்பருவத்தின் மரபு. ஒப்புமை கூறல், வேறுபாடு காட்டல், பயன் காட்டல், அச்சுறுத்தல் என்று பேச்சின் நான்கு செயல்கள் குழந்தையின் முன்னிலையில் நிகழ்த்தப்படுகின்றன.

எனினும் ஓர் எல்லையைச் சுட்டுதல் வேண்டும். பிள்ளைத்தமிழில் பாட்டுடைத் தலைமக்களாகிய குழந்தைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. தாயோ செவிலியோ பேசுகிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் மட்டும் தம் மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் வேண்டும் குரல் ஒலிக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண்புலவர்கள் தாய்க்குரலை ஏற்றுப் பாடுவதைப் பவுலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். அந்நோக்கை நீட்டினால், இவ்விலக்கியம் குழந்தையின் மொழிக்கு நேர்ச்சான்று ஆகாது. குழந்தையை நோக்கிப் பெரியவர் பேசிய பேச்சின் இலட்சிய வடிவத்திற்கே சான்றாகும். பேசத் தெரியாத குழந்தையை முன்னிலைப்படுத்தி இடையறாது பேசுவது பயனற்ற செயலன்று என்ற நம்பிக்கை இவ்வடிவத்தின் அடித்தளம்.

4. பேசாப் பிள்ளை குறித்த தொன்மங்கள்

மரபு இலட்சியத்தை மட்டும் பதிவு செய்யவில்லை. அச்சத்தையும் பதிவு செய்தது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று வழிபட்ட பின் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் அவர் வரலாறு கூறும். பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடியவரும் அவரே. காஞ்சியிலோ, பேச்சற்றிருந்து காமாட்சியின் அருளால் கவியானவராக மூககவி போற்றப்படுகிறார். வடமொழியில் 500 பாடல்களைக் கொண்ட மூகபஞ்சசதி அவர் பெயரால் வழங்குகிறது. ‘மூகர்’ என்பதற்கே ஊமை என்று பொருள்.

இத்தொன்மங்களை மருத்துவச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் சமூக உணர்வின் சான்றாகக் கொள்ளலாம். குழந்தை பேசாதிருப்பது குடும்பத்தின் பெருந்துயராகக் கருதப்பட்டது. ஐந்து வயது பொறுமையின் எல்லையாக நின்றது. தீர்வு தெய்வத்திடம் தேடப்பட்டது. தீர்வின் அளவும் நோக்கத்தக்கது. பேசாப் பிள்ளை ஒரு சொல்லன்று, ஒரு நூலையே பாடிவிடுகிறது. படிப்படியான வளர்ச்சிக்கு இக்கதைகளில் இடமில்லை. ‘தானே பேசும், காத்திருக்கலாம்’ என்று பேச்சுத் தாமதத்தைத் தள்ளிப்போடும் இன்றைய மனப்பாங்கோடு இக்கதையமைப்பு ஒத்திருத்தலை மறுக்க இயலாது.

5. திண்ணைப் பள்ளி: ஒப்பித்தல் நிறுவனமாதல்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பணித்தவாறு மாவட்ட ஆட்சியர்கள் உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுத்தனர். 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மன்றோ தொகுத்துரைத்தபடி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மாணவர் தொகை 1,88,000ஐக் கடந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது. இவ்வறிக்கைகளைத் தரம்பால் 1983இல் தொகுத்து வெளியிட்டார். பெண் குழந்தைகள் மிகக் குறைவாகவே இப்பள்ளிகளில் இடம்பெற்றனர் என்பதையும் அறிக்கைகள் காட்டுகின்றன.

மணலில் எழுதுதல், ஓலையில் எழுதுதல், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு ஆகியவற்றை மனனம் செய்தல் ஆகியன திண்ணைப் பள்ளியின் பாடமுறை. சட்டாம்பிள்ளை முன்னின்று சொல்ல, மற்றவர் சேர்ந்து சொல்லினர். இம்முறையின் ஒழுங்கையும் கடுமையையும் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நேரடி அனுபவமாகப் பதிவு செய்துள்ளது. 1789இல் எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளில் கண்ட மணலெழுத்தையும், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு 1797இல் இலண்டனில் நூலாக்கினார்; அது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஓர் ஆசிரியர் பலருக்குக் கற்பிக்க உதவியதே அதன் கவர்ச்சி. குறைந்த செலவில் நிறைந்த ஒப்பித்தல் என்பது அதன் பொருளாதாரம்.

மனனத்தை வெற்றுக் கிளிப்பேச்சு என்று ஒதுக்குதல் வரலாற்றுக்கு நீதியாகாது. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த து. செந்தில்பாபு, நினைவு அங்கே கற்றலின் கருவியாகவும், ஊர்த்தொழிலின் கணக்குத் தேவைகளோடு பிணைந்ததாகவும் இயங்கியதை விளக்குகிறார். அக்கருத்து ஏற்கத்தக்கது. ஆயினும் இக்கட்டுரையின் வினா வேறு. திண்ணைப் பள்ளியில் குழந்தையின் குரல் உரத்து ஒலித்தது. ஆனால் குழந்தையின் சொல் ஒலிக்க அங்கு இடம் குறைவு. சொல்ல வேண்டியது முன்னரே முடிவானது; பிழை திருத்தப்பட்டது; புதிய சொல் எதிர்பார்க்கப்படவில்லை. புறநானூற்றுப் பாடல் மழலையிடம் வேண்டாது விட்ட காலப் பொருத்தத்தையும் பொருள் தெளிவையும் பள்ளி முதல்நாளிலேயே வேண்டியது. மறுமொழியின் பொறுப்பு வீட்டிலேயே தங்கியது. அதிலும் பள்ளி செல்லாத பெண்களிடம் தங்கியது.

6. தறிக்குழியின் ஓரம்

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் ஒருவரே இதைச் செய்ய இயலாது. கரைப்பக்கம் அமர்ந்து நாடாவை எறிந்து வாங்கும் உதவியாள் ஒருவர் வேண்டும். குடும்பத் தறியில் அவ்விடம் நெடுங்காலம் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் உரியதாக இருந்தது. பிறர் தறியில் அமர்ந்த குழந்தைகளோ பெற்றோர் பெற்ற முன்பணத்திற்குப் பிணையாயினர். 2003இல் வெளியான மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கை, பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளின் நிலையைக் காஞ்சிபுரம் உள்ளிட்ட இடங்களிலிருந்து பதிவு செய்தது.

குழந்தை உழைப்பைப் பற்றிய எழுத்துகள் உடல்நலம், கூலி, பள்ளியிழப்பு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. பேச்சிழப்பும் அவ்வரிசையில் சேர்க்கத்தக்கது. கோர்வை உதவியாளின் பணி, நெசவாளரின் அசைவுக்கும் குறிப்புக்கும் உடனே இசைவது. கவனம் சிதறினால் இழை தவறும். இப்பணியில் சொல் பெரும்பாலும் ஏவலாகவே குழந்தையை வந்தடையும். அதற்கு விடை கையின் செயல். அத்துடன், தாயும் பாவு, நூல் சார்ந்த துணைப்பணிகளில் ஈடுபட்ட வீட்டில், செவிலியின் நேரமும் தறிக்கே சென்றது. குழந்தை, கேட்பவர் ஆகிய இருவரையும் ஒரே தறி பிணித்தது.

இதனால் நெசவுக் குடும்பம் சொல்வறுமை உடையது என்று முடிவு செய்தல் பிழையாகும். அமெரிக்காவின் கன்சாசில் 42 குடும்பங்களை ஆராய்ந்து பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 1995இல் வெளியிட்ட நூல், ஏழைக் குடும்பக் குழந்தைகள் குறைவான சொற்களையே கேட்கின்றனர் என்று வாதிட்டது. உடனிருக்கும் பிறர் பேச்சையும் கணக்கில் கொண்டால் அம்முடிவு நிலைக்காது என்று ஸ்பெரி குழுவினர் பின்னர் மறுத்தனர். காஞ்சியிலும் பாவு விரிக்கும் தெரு, சுற்றத்தார் நிறைந்த வீடு, கோயில் விழா ஆகியன சொல் நிறைந்த களங்களே. தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியான நெசவுக் குடும்பங்களில் குழந்தைகள் இருமொழிச் செல்வத்துடன் வளர்ந்தனர். மேடைப் பேச்சால் தமிழக அரசியலின் மொழியை மாற்றிய சி.என். அண்ணாதுரை 1909இல் இந்நகரின் நெசவுச் சமூகத்தில் பிறந்தவர். ‘தொத்தா’ என்று அவர் அழைத்த சிற்றன்னை இராசாமணி அம்மையாரே அவரை வளர்த்தார். ஒருவர் வரலாற்றைக் கொண்டு விதி வகுத்தல் இயலாது. எனினும் குறை சமூகத்திடம் இல்லை, நேரத்தைப் பறித்த உழைப்பு ஏற்பாட்டிடம் உள்ளது என்பதை இச்சான்று நினைவூட்டுகிறது.

7. எடை, எழுத்து, பேச்சு

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆகியவற்றின் வழியே குழந்தை தறியை விட்டுப் பள்ளிக்கு வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரின் உழைப்பை முற்றிலும் தடைசெய்தபோதும், பள்ளி நேரத்திற்குப் புறத்தே குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களித்தது. வீட்டுத் தறி நிலவும் ஊர்களுக்கு இவ்விலக்கு சிறு செய்தியன்று. மாலை நேரம், அதாவது வீட்டுப் பேச்சுக்குரிய நேரம், இவ்விலக்கிற்குள் அடங்குகிறது.

பள்ளிக்கு முந்திய பருவத்தில், 1975 அக்டோபர் 2இல் நாட்டில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் அங்கன்வாடி, செவிலியின் பணியை அரசு ஏற்ற முதற் பெரும் முயற்சி எனலாம். 1980இல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் பசியை முதன்மைப்படுத்தின. அது காலத்தின் கட்டாயம். அவற்றின் விளைவாகக் குழந்தையின் எடை திங்கள்தோறும் பதிவேட்டில் ஏறியது. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் பாடலையும் கதையையும் உரையாடலையும் பின்னரே மையத்திற்குள் கொணர்ந்தது.

தொடக்கப் பள்ளியில் மாற்றம் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. செயல்வழிக் கற்றல் எனப்பட்ட அம்முறை 2007–08இல் மாநிலமெங்கும் விரிந்தது. ஆசிரியர் தரையில் அமர்ந்து சிறு குழுவோடு உரையாடும் அமைப்பு, சட்டாம்பிள்ளை மரபிலிருந்து பெரும் விலகல். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய எழுந்தது. அதன் வகுப்பறைச் செயல்பாடுகளில் கதையும் உரையாடலும் உண்டு. பெயரில் எண்ணும் எழுத்தும் மட்டுமே உண்டு. எது அளக்கப்படுகிறதோ அதுவே பெயராகிறது.

பேசாப் பிள்ளையின் நிலையும் மாறியுள்ளது. 1969இல் சென்னையில் நிறுவப்பட்ட பால வித்யாலயா, செவித்திறன் குறைந்த மழலையரைத் தாயுடன் சேர்த்துப் பயிற்றும் முறையைக் கைக்கொண்டது. மறுமொழி தருபவரையும் மாணவராகக் கொண்ட பள்ளி அது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் செவித்திறன் குறையையும் மொழி வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது. தொன்மத்தில் தெய்வத்திடம் வைக்கப்பட்ட விண்ணப்பம் இன்று அரசிடம் வைக்கத்தக்க உரிமையாயிற்று. ஐந்து வயது வரை காத்திருக்கும் வழக்கம் மாறினால்தான் அவ்வுரிமை பயன்தரும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அ. மழலை, கேட்பவரின் ஏற்பால் பேச்சாகிறது என்ற கருத்து சங்கப் பாடலிலேயே தெளிவாக உள்ளது. வெளிப்பாட்டு மொழிக்கு மறுமொழி இன்றியமையாதது என்பது தமிழ்ச் சூழலுக்குப் புறத்தேயிருந்து வந்த புதுக்கருத்தன்று.

ஆ. திண்ணைப் பள்ளியும் அதிலிருந்து கிளைத்த சென்னை முறையும் ஒப்பித்தலுக்கு நிறுவன வடிவம் தந்தன. மறுமொழிக்கு அவ்வடிவம் கிட்டவில்லை. அது பெண்களின் கூலியற்ற, கணக்கற்ற நேரமாகவே நீடித்தது.

இ. காஞ்சியின் கோர்வைத் தறி குழந்தையையும் அக்குழந்தைக்கு மறுமொழி தரவேண்டியவரையும் ஒருங்கே ஈர்த்தது. குழந்தை உழைப்பின் இழப்புகளில் பேச்சும் ஒன்று என்று வரலாறு பதிவு செய்தல் வேண்டும்.

ஈ. குழந்தை தறியிலிருந்து மீட்கப்பட்டுள்ளது; ஆனால் கேட்பவரின் நேரம் மீட்கப்பட்டதா என்பதே எஞ்சும் வினா. உணவு, எடை, பதிவேடு, முன்பருவக் கல்வி ஆகிய அனைத்தையும் சுமக்கும் அங்கன்வாடிப் பணியாளர், ஒவ்வொரு குழந்தையின் முற்றுப்பெறாத சொல்லுக்கும் காத்திருந்து விடைதரும் நேரம் பெறுவது அரிது.

திட்டங்களை மதிப்பிடுவோர் குழந்தை எத்தனை எழுத்து அறிந்தது என்பதோடு, அதன் பேச்சைக் கேட்க ஒரு நாளில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது என்பதையும் கணக்கிடுதல் வேண்டும். அகமரபு செவிலிக்கு அளித்த இடம் அந்த நேரமே.